செங்கல் கால்வாய்க்கு அடியில் கிடந்த கரண்டிகள்

கடப்பாரையின் முனையில் உலோகம் இடித்தபோது மின்கம்பி என்று நினைத்துக் கையை உதறிவிட்டேன். இருபது வருடங்களுக்கு மேலாகக் கால்வாய் வேலை செய்கிறவன்தான். ஆனாலும் மண்ணுக்குள் எது இடித்தாலும் எனக்கு முதலில் மின்கம்பி, அடுத்து எரிவாயுக் குழாய், அதுவும் இல்லையென்றால் யாருடைய எலும்போ என்றுதான் தோன்றும். கூட வேலை பார்க்கும் தம்பி குனிந்து பார்த்தான்.

"கரண்டிண்ணே," என்றான். "பயப்படாதீங்க, கடிக்காது."

சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்த மாடிவீடு இருக்கிறது. இப்போது அதைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறார்கள். முன்பக்கத்துச் சுவரையும் தரைக்கல்லையும் தொடக்கூடாது என்று உத்தரவு. பின்கட்டில் இருக்கும் பழைய செங்கல் கால்வாயைப் பெயர்த்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் பதிப்பதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை. முதல் நாள் லாரியை விட்டு இறங்கி அந்தப் பின்கதவைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த வீடு எனக்குத் தெரிந்த வீடு. தெரியும் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.

என் அம்மா அங்கே ஆறு வருடம் சமையல்கட்டு வேலை செய்தாள். அப்போது அது ஒரு சீன வக்கீலின் வீடு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். அம்மா குந்தி உட்கார்ந்து பாத்திரம் கழுவும் அதே செங்கல் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து, மேசையில் மிஞ்சிய ரொட்டியைத் தின்பேன். ஒரு சீனப் பெருநாள் விருந்து முடிந்த மறுநாள், வெல்வெட் பெட்டியில் வைக்கும் வெள்ளிக் கரண்டிகளில் ஆறு குறைந்தது. வக்கீலின் மனைவி அம்மாவின் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தாள். சேலை மடிப்பை உதறிக் காட்டச் சொன்னாள். நான் அப்போது ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எதுவும் கிடைக்கவில்லை. போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிய தயவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

பேச்சு மட்டும் சந்துக்குச் சந்து போய்விட்டது. அம்மாவை வேறு எந்த வீட்டிலும் வேலைக்குச் சேர்க்கவில்லை. நாங்கள் தீவை விட்டுக் கடல் தாண்டி, சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் குடிபோனோம். நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டு லாரியில் மூட்டை ஏற்றப் போனேன். இதெல்லாம் நடந்து நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அம்மா எடுத்தாளா இல்லையா என்று எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் பேசியதில்லை. எடுத்திருக்க மாட்டாள் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். இவ்வளவு தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற பயமும் கூடவே வந்தது.

அதனால் அந்தத் தம்பி 'கரண்டி' என்று சொன்னதும் குழிக்குள் இறங்கி மண்டியிட்டேன். செங்கற்களையும் அவற்றுக்குக் கீழே இருந்த சுண்ணாம்புப் படுக்கையையும் அன்று காலைதான் முழுதாகப் பெயர்த்து எடுத்திருந்தோம். அதற்கும் இரண்டு விரல் கீழே, கறுப்பு மண்ணில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கையாலேயே தோண்டி எடுத்தேன். ஐந்து கரண்டி. இரண்டு முள்கரண்டி. அப்புறம் விரல் நீளத்தில் இரண்டு எலும்புத் துண்டு. அவற்றின் ஒரு முனையில் துருவைத் தவிர ஒன்றுமில்லை. கத்திப் பிடிகள் என்று பிறகுதான் புரிந்தது. ஆறாவது கரண்டியைத் தேடி இன்னும் ஒரு முழம் தோண்டினேன்.

"அண்ணே, கரண்டி கெடச்சா போதுமா, தட்டு வேணாமா?" என்றான் தம்பி. "இன்னும் தோண்டுங்க, மேசையும் நாற்காலியும் வரும்லா."

நான் சிரிக்கவில்லை. வேலை மேற்பார்க்கும் சீனரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இப்படிக் கிடைப்பதை எங்கேயாவது ஒப்படைக்க வேண்டுமா, மறைத்துவிட்டோம் என்று பிறகு நம்மைப் பிடிப்பார்களா என்று கேட்டேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். கட்டடக்காரரிடம் போனில் கேட்டார். குப்பைதான், எடுத்துக்கொள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். சொன்னதற்குச் சாட்சி இருக்கட்டும் என்று தம்பியையும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி கதவிலேயே நிறுத்தினாள்.

"எந்தச் செத்தவங்க வாயில போன கரண்டியோ. அடுப்படிக்குக் கொண்டாராதீங்க."

"அம்மாவோடதா இருக்கலாம்," என்றேன்.

அவளுக்குக் கதை தெரியும். பேசாமல் உள்ளே போய் ஒரு உருண்டை புளி கொண்டுவந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கிற புளி. எங்கள் வீடுகளில் மங்கிப்போன எந்தப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்த்துத்தான் பழக்கம். அம்மாவின் முன்னால் இந்தக் கறுப்போடு எப்படி வைப்பது என்றுதான் எனக்கு இருந்தது. கழிவறையில் உட்கார்ந்து புளியும் உப்பும் சாம்பலுமாகத் தேய்த்தேன். மேலே பூத்திருந்த பச்சை போனது. கறை போகாத இடங்களில் கம்பி நாரைப் போட்டு அழுத்தினேன். கரண்டியின் காம்பில் சிப்பி மாதிரி ஒரு வேலைப்பாடு தெரிந்தது. மஞ்சளும் வெள்ளையும் கலந்து ஒரு பளபளப்பு வந்தது. ஒரு முள்கரண்டியின் கழுத்தில் மட்டும் சுண்ணாம்பு மாதிரி எதுவோ இறுகிப் பிடித்திருந்தது. அது எதற்கும் மசியவில்லை. விட்டுவிட்டேன்.

கை காய்வதற்குள் போனை எடுத்துவிட்டேன். அம்மா அக்காவோடு சுங்கை பாக்காப்பில் தாமான் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறாள். நல்லது எதையும் என்னால் வயிற்றில் வைத்திருக்க முடியாது, கெட்டுவிடும் என்று பயம். கெட்டதை மட்டும் வருடக்கணக்கில் வைத்திருப்பேன்.

"கரண்டி கெடச்சிருச்சும்மா," என்றேன்.

 பின்னால் அக்கா வீட்டுத் தொலைக்காட்சி மட்டும் கேட்டது.

"எங்க இருந்துச்சு?"

"நீ பாத்திரம் கழுவுற எடத்துலதாம்மா. லோங்காங்கு, அந்தச் செங்கல் கால்வாய்க்குள்ள விழுந்து மண்ணோட போயிருக்கு. யாரும் எடுக்கல. விழுந்திருக்கு, அவ்வளவுதான்."

"விழுந்திருக்கா," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவள் குளித்துப் புதுச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள். அக்கா அண்டை வீடுகளுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். யாரோ பலகாரம்கூட அனுப்பியிருந்தார்கள். நான் துண்டை விரித்து வைத்ததும் அம்மா ஒவ்வொன்றாக எடுத்தாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். பெருவிரலால் காம்பின் நுனியைத் தடவினாள். முள்கரண்டிகளை ஒதுக்கி வைத்துவிட்டு ஐந்து கரண்டிகளையும் வரிசையாக அடுக்கினாள்.

"அதுதானேம்மா?" என்று அக்கா கேட்டாள்.

 அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அந்த வக்கீல் பொண்டாட்டி இன்னும் இருக்கா. மகன் வீட்டுல, படுத்த படுக்கையாம். அடுத்த ஞாயித்துக்கெழம என்னைக் கூட்டிட்டுப் போ. இத அவ முன்னாடி வச்சுட்டு வந்துருவோம்."

"இப்ப போயி எதுக்கும்மா? எல்லாம் பழசு."

"பழசுன்னு நீ சொல்லு. உன் மடியையா ஒதறிக் காட்டச் சொன்னாங்க?"

சரி என்று சொல்லி எல்லாவற்றையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். கடல் பாலத்தில் திரும்பி வரும்போதே பயம் பிடித்துக்கொண்டது. வக்கீலின் மனைவி இவற்றைப் பார்த்துவிட்டு, இது எங்கள் கரண்டி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும்? எண்பது வயதில் அம்மாவை நானே கூட்டிக்கொண்டுபோய் மறுபடியும் அந்த ஆட்கள் முன்னால் நிறுத்துகிறேனா? முள்கரண்டி குறைந்ததாக அன்றைக்கு யாரும் சொல்லவில்லையே? கத்தி எப்படி இதோடு சேர்ந்தது? இந்தக் கேள்வியெல்லாம் மண்ணிலிருந்து எடுத்த அன்றே வந்திருக்க வேண்டும். வந்தது. நான்தான் கதவைச் சாத்திவிட்டேன்.

மூன்று நாள் துண்டைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக இருந்தேன். நான்காம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், எழுபதைத் தாண்டியவர். கடிகாரம், மண்ணெண்ணெய் விளக்கு, பீங்கான் கூஜா என்று எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பார். விவரத்தைச் சொன்னேன். அம்மாவின் பேர் கெடாத அளவுக்கு மட்டும் சொன்னேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியைச் சொருகிக்கொண்டு ஒரு கரண்டியைத் திருப்பினார். அடுத்ததையும் திருப்பினார். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதப் போட்டுத் தேச்சீங்க?"

"புளிதாண்ணே. கொஞ்சம் கம்பி நாரும்."

"குத்துவிளக்கா இது? பூசைக்கு வைக்கப் போறீங்களா?" அவர் கரண்டியின் முதுகைக் காட்டினார். "இங்க நாலு எழுத்து அடிச்சிருக்கணும். வெள்ளி முலாம் பூசுனதுன்னு அர்த்தம். பக்கத்துலயே சின்னச் சின்னக் கட்டத்துல செஞ்சவனோட முத்திரை இருக்கும். அத வச்சுத்தான் நாங்க வயசு சொல்லுவோம். நீங்க தேச்ச தேப்புல முலாமும் போச்சு, முத்திரையும் போச்சு. மொகம் அழிஞ்ச ஆள் மாதிரி நிக்குது."

"அப்ப வெள்ளி இல்லையாண்ணே?"

"பச்ச பூத்திருந்துச்சா?"

"ஆமா."

"சுத்த வெள்ளி மண்ணுல கறுத்துத்தான் போவும். இவ்வளவு பச்ச பூத்தா, உள்ள செம்பு கலந்த உலோகம். உங்க அம்மா வேல செஞ்ச வீட்டுல காணாமப் போனது என்ன?"

"சுத்த வெள்ளின்னு சொன்னாங்க."

"சொல்லுவாங்க. பணக்காரங்க முலாமையும் வெள்ளின்னுதான் சொல்லுவாங்க. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." அவர் எலும்புப் பிடி ஒன்றை எடுத்து முனையை நகத்தால் சுரண்டினார். துரு மேசையில் உதிர்ந்தது. "கத்தி அலகு கரைஞ்சே போயிருக்கு பாருங்க. துருப்பிடிக்காத எஃகு வர்றதுக்கு முந்தின கத்தி. ஜப்பான்காரன் இங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடி செஞ்சது. கரண்டியும் அதே காலம்தான், அந்தச் சிப்பி வேலையப் பார்த்தாலே தெரியும்."

எனக்கு அப்போதும் ஒரு நூல் மிச்சம் இருந்தது. பழைய கரண்டியைப் பணக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துப் புழங்குவார்களே என்றேன்.

"புழங்குவாங்க தம்பி. எப்ப செஞ்சதுன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடியும். எப்ப மண்ணுக்குள்ள போச்சுன்னு தோண்டுன ஆளுதான் சொல்லணும்." அவர் நான் தேய்க்காமல் விட்ட முள்கரண்டியை எடுத்து, கழுத்தில் இறுகியிருந்த வெள்ளைக் கட்டியை என் பக்கம் திருப்பினார். "இது என்னா? உங்க தொழில்தானே, நீங்க சொல்லுங்க."

சுண்ணாம்புச் சாந்து. செங்கல் கால்வாய் கட்டும்போது முதலில் மண்ணைத் திமிசு போட்டு இடித்து, அதன் மேல் சாந்தைக் கொட்டிப் படுக்கை போடுவார்கள். ஈரச் சாந்து மண்ணின் இடுக்குகளில் கொஞ்சம் இறங்கி, அங்கே என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு இறுகும். சிமெண்டு வருவதற்கு முந்தின காலத்து வேலை. நான் எத்தனையோ வீடுகளில் உடைத்திருக்கிறேன். சாந்து வழிந்து கரண்டியைப் பிடித்திருக்கிறது என்றால், கொத்தனார் அந்தக் கால்வாயைக் கட்டிய நாளிலேயே கரண்டி அங்கே இருந்திருக்கிறது. அந்தக் கால்வாயின் விளிம்பில் உட்கார்ந்துதான் நான் ரொட்டி தின்றேன். அம்மா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, அவள் பிறப்பதற்கும் முன்பே அது அங்கே இருந்தது.

"கால்வாய் எங்கயாச்சும் ஒடஞ்சு, ஒட்டுப்போட்டு இருந்துச்சா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"இல்லண்ணே. முழுசா இருந்துச்சு. நான்தான் ஒடச்சேன்."

 அவர் ஐந்தையும் இரண்டையும் பிடிகளையும் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தார். வெயிலில் வந்து நின்றபோது எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை. பெயர்த்த அன்றே இது எனக்குத் தெரியும். கால்வாய்க்கு அடியில் கிடப்பது கால்வாயைவிடப் பழசு என்பது பள்ளிக்கூடம் போய்ப் படிக்கிற விஷயமா? என் கை அறிந்ததை என் வாய் அம்மாவிடம் மாற்றிச் சொல்லிவிட்டது. அவள் புதுச் சேலை கட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை என்னென்னவோ யோசித்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம். காரில் கோளாறு என்று சொல்லலாம். அந்த அம்மாள் படுத்த படுக்கைதானே, கொஞ்ச நாள் தள்ளிப் போட்டால் தானாகவே முடிந்துவிடும் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. ஒருத்தரின் சாவுக்காகக் காத்திருக்கத் தயாராகிவிட்டேனே என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன். கடைசியில் போனேன். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா அதே சேலையில், மடியில் ஒரு காலி பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள்; துண்டை வாங்கிக் கரண்டிகளை அதில் போட்டு மூடினாள்.

நின்றபடியே சொல்லிவிட்டேன். கடைக்காரர் சொன்னது, சாந்து, கால்வாய், எல்லாம். நான் பேசி முடிக்கும் வரை அவள் டப்பாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"இது அது இல்லேன்னு எனக்குத் தெரியும்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நீ அன்னிக்குக் கொண்டாந்து வச்சப்பவே தெரியும். அந்தக் கரண்டி காம்புல சிப்பி கெடையாது. நுனியில ஒரு எழுத்து வெட்டியிருக்கும். ஆறு வருசம் தொடச்ச கை இது."

"பெறகு எதுக்கும்மா போகணும்னு சொன்ன?"

"அவ படுக்கையில கெடக்குறா. சிப்பியும் எழுத்துமா அவளுக்கு ஞாபகம் இருக்கப்போவுது? கரண்டின்னு சொன்னா வாங்கி வச்சுக்குவா. மண்ணுல கெடந்துச்சு, எம்மகன் தோண்டி எடுத்தான்னு சொன்னா அதோட முடிஞ்சுது." டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "அவளுக்கு முடியுதோ இல்லியோ, எனக்கு முடிஞ்சிருக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்கோ எதிலும் ஒரு பள்ளம் கண்ணில் பட்டுவிடும்.

"அவங்க வீட்டு ஆளுங்க பார்த்தா என்னம்மா நெனைப்பாங்க? இத்தன வருசம் வச்சிருந்துட்டு இப்பத் திருப்பிக் குடுக்க வந்திருக்காங்கன்னுதானே நெனைப்பாங்க?"

அம்மா டப்பாவை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"அவங்க நெனைக்கிறது இருக்கட்டும். நீ என்னா நெனைக்கிற?"

"நான் என்னம்மா நெனைக்கப் போறேன்."

"ஒரு தடவகூட நீ என்னைக் கேட்டதில்ல. அன்னிக்கு அங்க நின்னுக்கிட்டுத்தானே இருந்த. பஸ்ஸுல வந்தோம், நீ கேக்கல. இங்க வந்தோம், கேக்கல. எடுத்தியாம்மான்னு ஒரு வார்த்த."

"நீ எடுத்திருக்க மாட்டன்னு தெரியும்மா. அதான் கேக்கல."

"தெரிஞ்சவன் எதுக்குக் கடைக்குத் தூக்கிட்டுப் போன?"

 உன்னை மறுபடியும் அவமானப்படுத்திவிடுவார்களோ என்று பயந்துதான் போனேன் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துக் கரண்டியைத் திருப்பியபோது நான் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

"இப்பக் கேளு," என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாடு போடட்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று அவள் சொன்னால் நான் அதை முழுதாக நம்புவேனா? ஆமாம் என்று சொன்னால் என்ன செய்வேன்? இரண்டுக்கும் நடுவில் எனக்கு நாக்கு எழவில்லை. வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்துவிட்டு மூடினார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி மெல்ல எழுந்தாள்.

"சேலைய மாத்திட்டு வர்றேன்," என்று சொல்லி அறைக்குள் போனாள்.

அந்த வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. சில வாரங்கள் கழித்து வக்கீலின் மனைவி இறந்துவிட்டதாக அக்கா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். அம்மா ம் என்று மட்டும் சொன்னாளாம்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறேன். பாலத்தில் கார் ஏறியதும் 'எடுத்தியாம்மா' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சத்தமாகவே சொல்வேன். இறங்கும் வரைக்கும் சரியாகத்தான் வருகிறது. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்து அவள் முகத்தைப் பார்த்ததும், "சாப்டியாம்மா?" என்றுதான் கேட்கிறேன். சாப்பிட்டேன் என்று சொல்வாள். அதற்கு மேல் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள்.